தெரிந்தவன் குற்றம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, மருத்துவக் கல்லூரி மாணவி ஒருத்தி ஒரு கட்டுக் காகிதத்துடன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தெருவில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொண்டு வருகிறாளாம். ஆண்டிபயாடிக் மருந்துகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு என்ன தெரியும், அவற்றை எப்படி உபயோகிக்கிறார்கள் என்று அளந்து பார்க்கும் வேலை. நனைந்த குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "பத்து நிமிஷம் போதும் ஸார்" என்றாள். யாராவது என்னிடம் கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்கும். வயதானவர்களுக்கு அது ஒரு பலவீனம்.

ஆண்டிபயாடிக் மருந்து வைரஸைக் கொல்லும். சரியா, தவறா, தெரியாதா? தவறு என்றேன். சாதாரண ஜலதோஷத்துக்கு அதனால் பலன் உண்டா? இல்லை. தேவையில்லாமல் சாப்பிட்டால் நாளடைவில் அந்த மருந்துகள் பயனற்றுப் போகுமா? போகும். மருந்தை எதிர்த்து நிற்கப் பழகுவது மனிதனுடைய உடம்பா, கிருமியா? கிருமி. அவள் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தாள். அவள் முகத்தில் மலர்ந்த திருப்தி என்னையும் தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் கூட நான் இத்தனை மார்க் வாங்கியதில்லை.

இரண்டாம் பக்கத்தில் கேள்விகள் வேறு மாதிரியாக இருந்தன. கடைசியாகச் சாப்பிட்டபோது, டாக்டர் சொன்ன நாட்கள் முழுவதும் சாப்பிட்டீர்களா? மிஞ்சிய மாத்திரை ஏதாவது வீட்டில் இருக்கிறதா? உங்களுக்கு எழுதித் தந்த மருந்தை வேறு யாருக்காவது கொடுத்ததுண்டா?

முதலாவதற்கு, "ஆமாம்" என்றேன். மற்ற இரண்டுக்கும், "இல்லை" என்றேன்.

மூன்றில் இரண்டு பொய். நடுவில் உள்ளது மட்டும் உண்மை. வீட்டில் மிச்சம் எதுவும் இல்லைதான். இருந்ததைத்தான் எடுத்துக் கொடுத்துவிட்டேனே!

"எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா நல்லா இருக்கும் ஸார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

நடந்தது இதுதான். அதற்கு இரண்டு வாரம் முன்பு எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பல் டாக்டர் ஐந்து நாளைக்கு அமாக்ஸிஸிலின் எழுதிக் கொடுத்தார். வேளைக்கு ஒன்றாக நாளைக்கு மூன்று காப்ஸ்யூல். மூன்றாம் நாளே வலியும் வீக்கமும் வற்றிவிட்டன. வயிறு வேறு கொஞ்சம் கலங்கியிருந்தது. நிறுத்திவிட்டேன். ஆறு காப்ஸ்யூல் மிச்சம். அவற்றை மேஜை இழுப்பில் போட்டு வைத்தேன். எங்கள் தலைமுறைக்கு எதையும் தூக்கி எறிய மனம் வராது.

எங்கள் தெருமுனையில் பன்னிரண்டு வருஷமாக இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. அந்த வாரம் துணி கொண்டு வந்து கொடுக்கும்போது அவருக்குக் கண் சிவந்திருந்தது, இருமினார், கை சுட்டது. "ஜுரமாப்பா? ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்று கேட்டேன். "போனா அரை நாள் போயிடும் ஸார். மழை விட்டிருக்கு, இன்னைக்குத்தான் துணி வந்திருக்கு" என்றார். நான் உள்ளே போய் மேஜை இழுப்பைத் திறந்தேன்.

அந்த மாத்திரை அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக்கூடாது என்பதற்கு அடையாளம் அது. 2016-ல் மத்திய அரசு அதைப் பற்றி நாடெங்கும் பிரசாரம் கூடச் செய்தது. எனக்குத் தெரியும். அவருக்கு வந்திருப்பது வைரஸ் ஜுரமாக இருக்கலாம், அதற்கு இது ஒன்றும் செய்யாது என்பதும் எனக்குத் தெரியும். அமாக்ஸிஸிலின் பென்ஸிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிலருக்கு அது அடியோடு ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதும் தெரியும். அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. "வேளைக்கு ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கோ" என்று ஒரு டாக்டரின் தோரணையில் சொல்லிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு காப்பி குடித்தேன்.

அறியாமல் செய்த தவறு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அந்த மாணவியின் காகிதமே சாட்சி.

என்னைப் போன்றவர்கள் அபூர்வம் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 2003-ல் பிரிட்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதே மாதிரி கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். மருந்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அப்படி இல்லை. அவர்களும் மற்றவர்களைப் போலவே டாக்டரிடம் அந்த மருந்தை வாங்கியிருந்தார்கள். எழுதிக் கொடுத்ததை முழுவதும் சாப்பிடும் வழக்கம் அவர்களிடம் அதிகம் இருந்தது. அது நல்லது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் யாரையும் கேட்காமல் தாமாகவே சாப்பிடுவதும், தம்முடையதை மற்றவர்களுக்குக் கொடுப்பதும் கூட, விஷயம் தெரிந்தவர்களிடம்தான் அதிகமாகக் காணப்பட்டதாம்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சங்கடமாகவும் இருந்தது. ஒன்றும் தெரியாதவன் பயப்படுகிறான், டாக்டரிடம் போகிறான். தெரிந்தவனுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. அவன் தன்னையே பாதி டாக்டராக நினைத்துக்கொள்கிறான். எந்த அறிவை நாம் கட்டுப்பாட்டுக்கு வழி என்று நினைத்துப் பரப்புகிறோமோ, அது அனுமதிச் சீட்டாகவும் வேலை செய்கிறது. 2020-லும் 2021-லும் நம் ஊரில் பார்த்தோமே! கொரோனா ஒரு வைரஸ் என்பது குழந்தைக்குக் கூடத் தெரிந்திருந்தது. ஆனாலும் படித்த குடும்பங்களின் அலமாரிகளில் அசித்ரோமைசின் அட்டைகள் அடுக்கியிருந்தன.

மக்கள் செய்யும் தவறுகளுக்கெல்லாம் அறியாமையே வேர் என்பது மிகப் பழைய நம்பிக்கை. தீமை என்று உண்மையில் அறிந்தவன் அதைச் செய்யமாட்டான் என்று சாக்ரடீஸ் வாதித்தார். கேள்வித்தாளுடன் வீடு வீடாக ஏறுகிறவர்கள் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ அவருடைய சீடர்கள். நம் பக்கத்தில் துரியோதனன் பெயரால் ஒரு கூற்று வழங்கி வருகிறது. தருமம் இன்னதென்று தெரிந்தும் அதில் நாட்டம் பிறக்காதவனுடைய ஒப்புதல் வாக்குமூலம் அது. கதை எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் எனக்குத் துரியோதனன் சொல்வதில்தான் நம்பிக்கை அதிகம். சாக்ரடீஸ் சொல்வது உண்மையானால் நாவல் எழுத விஷயமே இருக்காது.

இந்த அளவெடுப்புகளில் பெரியது ஒன்றைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் 12 நாடுகளில் ஏறக்குறைய 10,000 பேரிடம் கேள்வி கேட்டது. இந்தியாவும் அவற்றில் ஒன்று. ஜலதோஷத்தையும் ஃப்ளூவையும் ஆண்டிபயாடிக் கொண்டு குணப்படுத்தலாம் என்று நூற்றுக்கு 64 பேர் சொன்னார்கள். மருந்தை எதிர்த்துப் பழகுவது மனித உடம்புதான் என்று நூற்றுக்கு 76 பேர் நினைத்தார்கள். இந்தியாவில் 1,023 பேர் பதில் சொன்னார்கள். முந்தின ஆறு மாதத்துக்குள் அந்த மருந்தைச் சாப்பிட்டதாக 76 சதவிகிதத்தினர் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த 1,023 பேரையும் விசாரித்தது இன்டர்நெட் மூலமாக. ஆகவே என் இஸ்திரிக்காரர் அந்தக் கணக்கில் இல்லை. என்னைப் போன்றவர்களே இருந்திருப்பார்கள்.

அந்த 76 சதவிகிதத்தினரின் தவறு, உடம்புதான் பழகுகிறது என்ற தவறு, எனக்கு ஒரு தமிழனாக மிகவும் சுவாரசியமாகப் பட்டது. நம் பேச்சிலேயே அது இருக்கிறது. "அந்த மருந்து அவனுக்குப் பழகிப் போச்சு, இனிமே கேக்காது" என்று நாம் சொல்கிறோம். பழகிப் போனது அவனுடைய உடம்பு என்பதுதான் பொருள். உண்மையில் பழகிப் போவது அவனுக்குள் இருக்கும் பாக்டீரியா. இது வெறும் இலக்கணப் பிழை அல்ல. ஒழுக்கத்தையே மாற்றிவிடுகிற பிழை. பழகுவது என் உடம்பு என்றால் நஷ்டம் எனக்கு மட்டும். நான் எத்தனை மாத்திரை சாப்பிட்டால் உனக்கென்ன என்று கேட்கலாம். பழகுவது பாக்டீரியா என்றால் அது என்னோடு நிற்காது. என் கையிலிருந்து கதவுப் பிடிக்கும், அங்கிருந்து அடுத்தவன் கைக்கும் போகும். ஒரு நாள் ஏதோ ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில், பிறந்து நான்கு நாளான குழந்தையின் ரத்தத்தில் போய் உட்காரும். அந்தக் குழந்தையின் தாய் அந்த மருந்தை ஒரு முறை கூடச் சாப்பிடாதவளாக இருக்கலாம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை நேரடிக் காரணமாகக் கொண்டு 2019 என்ற ஒரே வருஷத்தில் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022-ல் கணக்கிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் யாருடைய மேஜை இழுப்பால் இறந்தார்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. இந்தக் குற்றத்தின் விசேஷமே அதுதான். செய்தவனுக்கும் செத்தவனுக்கும் அறிமுகம் இல்லை.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். நாம் வைரஸையும் கிருமி என்கிறோம். பாக்டீரியாவையும் கிருமி என்கிறோம். ஆண்டிபயாடிக் மருந்து கிருமியைக் கொல்லும் என்று ஒருவர் சொன்னால் அது சரியா, தவறா? கேள்வித்தாள் தவறு என்று போடும். அந்த மனிதர் தம் பாஷையில் சரியாகத்தான் பேசினார். இஸ்திரிக்காரரிடம் போய் ஆண்டிபயாடிக் என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பார். ஆனால் "பவர் மாத்திரை" என்றால் தெரியும். அதைச் சும்மா சும்மா போடக்கூடாது, உடம்பைச் சூடாக்கும் என்பதும் தெரியும். அவர் மார்க் வாங்கமாட்டார். நான் வாங்குவேன்.

இந்த மருந்துகளின் தகப்பன் என்று சொல்லத்தக்க அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், ஆரம்பத்திலேயே இந்த அபாயத்தைக் கண்டவர். 1928-ல் லண்டனில் ஒரு தட்டில் படர்ந்த பூஞ்சையிலிருந்து பென்ஸிலினைக் கண்டவர் அவர். 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்று ஸ்டாக்ஹோமில் பேசியபோது, கடைசியில் ஒரு குட்டிக் கதை சொன்னார். விஞ்ஞானி சொன்ன கதை என்றாலும் கட்டமைப்பில் குறை சொல்ல முடியாது. எக்ஸ் என்று ஒருவர். அவருக்குத் தொண்டைப் புண். கடையில் பென்ஸிலின் வாங்கிச் சாப்பிடுகிறார். கிருமி சாகப் போதாத அளவு; அது பாடம் படித்துக்கொள்ளப் போதுமான அளவு. பிறகு அதே கிருமி அவர் மனைவிக்கு ஒட்டுகிறது. அவளுக்கு நிமோனியா. டாக்டர் பென்ஸிலின் கொடுக்கிறார், பலிக்கவில்லை, இறந்து போகிறாள். அவள் சாவுக்கு யார் பொறுப்பு? எக்ஸ்தான் என்று ஃப்ளெமிங் தயங்காமல் தீர்ப்புச் சொன்னார்.

அந்தக் கிருமியைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. ஃப்ளெமிங் உதாரணத்துக்கு எடுத்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டைப் புண்ணை உண்டாக்குவதில் முக்கியமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை இன்றுவரை பென்ஸிலினுக்கு அடங்கித்தான் நடக்கிறது. மற்றக் கிருமிகள் பல அவர் வாக்கை மெய்ப்பித்தன. உதாரணம் மட்டும் ஏமாற்றிவிட்டது.

எனக்கு அந்தத் தீர்ப்பில்தான் ஒரு நெருடல். எக்ஸ் ஒன்றும் தெரியாதவர். கடையில் விற்றார்கள், வாங்கினார். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரைக் கொலைகாரர் என்று சொல்லலாமா? அறியாமை மன்னிப்புக்கு உரியது என்றால் எக்ஸ் விடுதலை. மன்னிக்க முடியாதவன் நான். அறியாமையும் ஒரு குற்றமே என்றால், எக்ஸுக்குக் கல்வி கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவர் என்னைப் போல ஆவார். இந்த வட்டத்திலிருந்து எனக்கு வெளியே வரத் தெரியவில்லை.

ஃப்ளெமிங்கின் பயம், மருந்து போதாமல் போவதைப் பற்றியது. சாப்பிட்டால் போதிய அளவு சாப்பிடு என்பதே அவர் சொன்ன புத்தி. ஆரம்பித்த மருந்தை முடிக்காமல் விடாதே என்ற விதி பிறகு உலகம் முழுவதும் வேரூன்றிவிட்டது. 2015-ன் கேள்வித்தாளிலும் அதுதான் சரியான விடை. இந்தியாவில் நூற்றுக்கு 58 பேருக்குத்தான் அது தெரிந்திருந்தது என்று வருத்தத்தோடு குறித்தார்கள். இரண்டே வருஷத்தில், 2017-ல், பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் சில நிபுணர்கள் சேர்ந்து அந்த விதிக்கே ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். மருந்து நம் நோய்க்கிருமியை மட்டும் தாக்குவதில்லை. குடலிலும் தோலிலும் நமக்குத் தொந்தரவு இல்லாமல் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களையும் தாக்குகிறது. எத்தனை நாள் அதிகம் சாப்பிடுகிறோமோ அத்தனை நாள் அவற்றில் அடங்காதவை மட்டும் பிழைத்துப் பெருக வழி செய்கிறோம். பல சாதாரண நோய்களுக்குக் குறைந்த நாட்களே போதும் என்று சோதனைகளிலும் தெரிந்தது. காசநோய் போன்றவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே நடுவில் நிறுத்துவது பெரும் ஆபத்து. எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நோயாளி அல்ல. ஆனாலும் இதைப் படித்தபோது, என் பாவத்தில் ஒரு பாதி கழிந்துவிட்டதாக எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் ஏற்பட்டது.

விடைத்தாளே மாறிக்கொண்டிருக்கும்போது மார்க் போடுகிறவர்கள் பாடு கஷ்டம்தான். அந்த 58 பேர் சரியாகச் சொன்னவர்களா, பழைய பாடத்தை ஒப்பித்தவர்களா?

சரி, வாயால் கேட்டு அளப்பதை விட்டுவிட்டு வேறு எப்படி அளப்பது? இதில் நம் சென்னைக்கே ஒரு சரித்திரம் உண்டு. சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கினார்கள். நோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைக்காமல், மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் குணமாகுமா என்று பார்ப்பது நோக்கம். அன்றைய சென்னையின் ஏழைக் குடும்பங்கள், நெருக்கமான வீடுகள், அரைவயிற்றுச் சாப்பாடு. ஒரு வருஷம் தினமும் மருந்து சாப்பிட வேண்டும். அதில் பி.ஏ.எஸ். என்பது வயிற்றைப் புரட்டும் மருந்து. சாப்பிட்டேன் என்று சொல்லுகிறவர்கள் எல்லாரும் சாப்பிடுகிறார்களா? அவர்கள் நோயாளியின் வார்த்தையை மட்டும் நம்பி உட்காரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதித்தார்கள். வீட்டு வைத்தியமும் சானடோரிய வைத்தியத்துக்கு ஏறக்குறைய ஈடானதே என்று 1959-ல் வெளியான முடிவு, உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தையே மாற்றிவிட்டது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்தச் சந்தேகம். அது மனிதர்களை இழிவாக நினைத்த சந்தேகம் அல்ல. மனிதன் கசப்பு மருந்தை ஜன்னலுக்கு வெளியே கொட்டக்கூடியவன், கொட்டிவிட்டு டாக்டரின் முகம் வாடக்கூடாதே என்று பொய் சொல்லக்கூடியவன் என்று தெரிந்துகொண்டு, அப்படிப்பட்டவனையே குணப்படுத்தப் பார்த்தார்கள். அந்த மாணவி அன்று என் மேஜை இழுப்பைத் திறந்து பார்த்திருக்கலாம். அங்கே ஒன்றும் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

வேறொரு வழியும் இருக்கிறது. டில்லி, மும்பை, பாட்னா ஆகிய நகரங்களில் பயிற்சி பெற்ற சிலரை நோயாளிகளைப் போல நடிக்கச் சொல்லி மருந்துக் கடைகளுக்கு அனுப்பினார்கள். 622 கடைகள், 1,200 தடவை இந்த நாடகம். 2016-ல் முடிவு வெளியானது. இரண்டு மூன்று வாரமாக இருமல் என்று சொன்னவர்களில் நூற்றுக்கு 37 பேருக்குக் கடைக்காரர் ஆண்டிபயாடிக் எடுத்துக் கொடுத்தார். காசநோய் உறுதியாகிவிட்டது என்று சோதனைச் சீட்டைக் காட்டியவர்களுக்கோ நூற்றுக்கு 16 தடவைதான் கொடுத்தார்கள். காசநோய்க்கான முதல்தர மருந்துகளை ஒரு கடையும் தூக்கிக் கொடுக்கவில்லை. ஒரே கடைக்காரர்தான், நோய் இன்னதென்று தெளிவாகத் தெரிந்தபோது கையைக் கட்டிக்கொண்டார், தெரியாதபோது ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் "டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். உண்மையை அறியப் பொய் வேஷம் போடுவது நியாயமா என்று கேட்கலாம். நாவலாசிரியனிடம் கேட்காதீர்கள்; என் தொழிலே அது.

தெளிவில்லாத இடத்தில்தான் கை நீளுகிறது என்பதைப் பிரான்ஸ் தேசத்தார் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். ஆண்டிபயாடிக்கை யந்திரம் போல எழுதித் தரவும் கூடாது, கேட்கவும் கூடாது என்று 2002-ல் அங்கே ஒரு பெரும் பிரசாரம் தொடங்கினார்கள். ஐந்து வருஷத்தில் குளிர்காலத்துச் சீட்டுகள் கால் பங்குக்கு மேல் குறைந்தன. ஆனால் அவர்கள் மக்களுக்கு உபதேசம் செய்ததோடு நிற்கவில்லை. தொண்டைப் புண் பாக்டீரியாவால் வந்ததுதானா என்று சில நிமிஷங்களில் காட்டும் சோதனைப் பொருளை டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். டாக்டருக்கும் சந்தேகம்தானே! இந்தியாவில் மருந்து சாப்பிட்டதாக 2015-ல் சொன்னவர்களில் நூற்றுக்கு 90 பேர், டாக்டரோ நர்ஸோதான் கொடுத்தார்கள் என்றார்கள். பொதுமக்களின் அறிவை அளக்கிறவர்கள் இந்த எண்ணின் மேல் ஏன் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. பரீட்சை எழுத வேண்டியவர்கள் வேறு யாரோ. உட்கார வைத்தது நம்மை.

ஐரோப்பாவில் ஒரு கணக்கு: ஆண்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது என்று 2018-ல் நூற்றுக்கு 43 பேருக்குத் தெரிந்திருந்தது, 2022-ல் 50 பேருக்கு. முந்தின ஒரு வருஷத்தில் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் 32-லிருந்து 23 ஆகக் குறைந்தார்கள். அறிவு ஏறியது, உபயோகம் இறங்கியது; பார்த்தீர்களா, பாடம் பலித்தது என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் அந்த நான்கு வருஷத்துக்குள்தானே முகமூடியும் சாத்திய கதவும் வந்தன? ஒருவர் மேல் ஒருவர் தும்மாமல் இருந்ததால் நோயே குறைந்தது. யாரும் திருந்த வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

நான் என் இஸ்திரிக்காரருக்குக் கொடுத்தது ஆறு காப்ஸ்யூல் என்று சொன்னேன். யோசித்துப் பார்த்தால், அவருக்கு நான் கொடுத்தது அரை நாள். அவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரியாமல் இல்லை. அங்கே மருந்து இலவசம் என்பதும் தெரியும். போனால் அன்றைக்கு வண்டி நிற்கும். வண்டி நின்றால் பன்னிரண்டு வீட்டுத் துணி அடுத்த தெருக்காரரிடம் போய்விடும். அந்த அரை நாளை நான் என் சட்டைப் பையிலிருந்து கொடுத்திருக்கலாம். ஐந்நூறு ரூபாய் ஆகியிருக்கும். காப்ஸ்யூல் எனக்கு இலவசம். இதுவும் எந்தக் கேள்வித்தாளிலும் இல்லாத கேள்வி.

மாணவி வந்துபோன பத்தாம் நாளோ என்னவோ, இஸ்திரிக்காரர் துணி மூட்டையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஸார், அன்னைக்கு ஒரு மாத்திரை குடுத்தீங்களே, அது இன்னும் இருக்குங்களா? வீட்ல அதுக்கு மூணு நாளா ஜுரம்."

எனக்கு ஸ்டாக்ஹோம் ஞாபகம் வந்தது. மனைவிதான் இரண்டாம் அத்தியாயம்.

"இல்லைப்பா. இருந்தாலும் கொடுக்கக்கூடாது. நான் அன்னைக்குக் கொடுத்ததே தப்பு" என்றேன்.

"எனக்கு ரெண்டே நாள்ல நின்னுடுச்சே ஸார்!"

"அது அதனால நின்னுதுன்னு சொல்ல முடியாது. தானா நின்னிருக்கும். அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஆட்டோவுக்கு, டாக்டருக்கு நான் தரேன்" என்று பணத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் பணத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் கடன் கூடக் கேட்டதில்லை. மாத்திரை கொடுக்க மனமில்லாமல் பணத்தைக் காட்டி அனுப்புகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வாங்கிக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் வேணாம் ஸார். மாத்திரை பேரை மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. கடையில கேட்டுப் பாத்துக்கறேன்."

பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் மூட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் தெருமுனையில் வண்டி இல்லை. மூன்றாம் நாள் காலை அதன் கரிப்புகை வாசனை வந்தது. சட்டை கூடச் சரியாகப் போடாமல் வாசலுக்குப் போய், "வீட்ல எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாயிடுச்சு ஸார்" என்றார் அவர், பெட்டியை அழுத்தித் தேய்த்தபடி.

என்ன மருந்து கொடுத்தார், எங்கே வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.